எடையற்ற வெளியில் கலையும் மனித உறவும்

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் மீதும் புவியீர்ப்பு விசை தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு வலிமையுடன் செயல்படுகிறது. எனினும் நிலையமும் அதனுள் இருப்போரும் புவியை நோக்கி ஒன்றாகவே விழுந்தபடி அதைச் சுற்றி வருவதால், அவர்களைத் தாங்கி நிற்கும் தளம் என ஒன்று இல்லாமற்போய், எடை உணரப்படுவதில்லை. இதுவே எடையின்மை எனப்படுகிறது. காலூன்றத் தரையில்லாத இந்நிலையில் மனிதருக்கு மனிதர் எவ்வாறு துணையாகின்றனர் என்னும் கேள்வியைக் கலைஞர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர்.

பிரெஞ்சு நடனக் கலைஞர் கிட்சு துபுவா 1990-களிலேயே பரவளையப் பறத்தல்களில் பங்கேற்றார். விமானம் கூர்மையான சாய்வில் மேலேறி, வீசியெறிந்த கல் செல்லும் வில் போன்ற பாதையில், அதாவது பரவளையத்தில், பறக்கும்போது அதனுள் இருப்போர் 20 வினாடிகளுக்குச் சற்றுக் கூடுதலாக எடையிழந்து மிதக்கின்றனர்; அதற்கு முன்னும் பின்னும் அவர்களின் எடை ஏறத்தாழ இருமடங்காகிறது. தரையை உதைத்தெழுந்து பழகிய நடனக் கலைஞர் நடுவெளியில் மிதக்கையில் கைகால்களை எவ்வளவு அசைத்தாலும், உடல் திரும்புமேயன்றி இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது. அருகில் மிதக்கும் மற்றொருவரின் கையைப் பற்றி இழுத்தால், ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, இருவருமே ஒருவரையொருவர் நோக்கி நகர்கின்றனர்; மெல்லத் தள்ளினாலும் இருவரும் விலகிச் செல்கின்றனர். ஒருவர் மட்டும் அசைந்து, மற்றவர் அசையாதிருத்தல் அங்கே இயலாது.

எடுவர்தோ காக் என்னும் பிரேசிலியக் கலைஞர் வடிவமைத்த ‘அகத் தொலைநோக்கி’ இவ்வுறவை வேறு வகையில் காட்டுகிறது. 2017-இல் பிரெஞ்சு விண்வெளி வீரர் தோமா பெஸ்கே, காக் வகுத்த முறைப்படி, இரண்டு தாள்களையும் கத்தரிக்கோலையும் மட்டுமே கொண்டு இப்படைப்பை நிலையத்திலேயே உருவாக்கினார். வெட்டப்பட்ட ஒரு தாளின் நடுவே குழலாகச் சுருட்டிய மற்றொரு தாள் ஊடுருவி நிற்கும் இவ்வடிவம், ஒரு கோணத்தில் தொப்புள்கொடி அறுபட்ட மனித உருவாகத் தோன்றுகிறது. மேல் கீழ் என்னும் திசைகளின்றி மிதக்கும் இது, புவியில் இருந்தவரின் சிந்தனையும் விண்ணில் இருந்தவரின் கைகளும் இணைந்து படைத்ததாகும்.

விண்ணுக்குச் சென்ற முதல் மனிதரான யூரி ககாரின் பறந்த 50-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2011 ஏப்ரலில், நிலையத்திலிருந்த விண்வெளி வீராங்கனை கேடி கோல்மனும் புவியிலிருந்த இசைக்கலைஞர் இயன் ஆண்டர்சனும் புல்லாங்குழலில் இணைந்திசைத்ததும் இத்தகைய முயற்சியே ஆகும்.

மனிதரை இவ்வாறு இணைக்கும் கலை, நீண்ட விண்வெளிப் பயணங்களில் இன்னும் தேவையாகும். செவ்வாய்க் கோளுக்கு ஒருவழிப் பயணத்துக்கே பல மாதங்கள் ஆகும். அத்தனை காலம் ஒரு சிறு கலத்தினுள் சிலர் இணக்கத்துடன் வாழ வேண்டுமெனில், உணவையும் உயிர்வளியையும் திட்டமிடும் நிறுவனங்கள் கலைக்கும் அதே அக்கறையுடன் இடமளிக்க வேண்டும்.