கடலில் திசை மாறும் சொற்கள்

ஒரு மொழியின் சொல்லை எடுத்துவிட்டு, அதே பொருள் தரும் இன்னொரு மொழிச் சொல்லை அந்த இடத்தில் வைத்தால் மொழிபெயர்ப்பு முடிந்துவிடும் என்று சிலர் நினைக்கின்றனர். ஜேர்மன் மொழியில் எழுதப்பட்ட பாய்மரப் படகுப் பாடநூல் ஒன்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும் ஒருவரிடம் இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். உயர்தர வகுப்பில் ஜேர்மன் படிக்கும் எனக்கு இந்தத் துறையில் ஆர்வம் வந்ததற்குக் காரணம், இதில் ஒரு சொல் பிழைத்தால் இரண்டு படகுகள் மோதிக்கொள்ளலாம் என்பதுதான்.

ஜேர்மனும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்து மொழிகள். படகு, நங்கூரம், பாய்மரம் ஆகியவற்றுக்கான சொற்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும். இந்த உறவே மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றிவிடுகிறது. முன்பாய் காற்றில் படபடத்தால் ஜேர்மன் மாலுமி அது ‘கில்’ செய்கிறது என்பார். ஆங்கிலத்தில் ‘கில்’ என்றால் கொலை! பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கு ஜேர்மனில் ‘ஃபால்’ என்று பெயர். ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால் மேலே ஏற்றுவது கீழே விழுவதாகிவிடும். அதற்குரிய ஆங்கிலச் சொல் ‘ஹாலியார்ட்’.

‘ஷொட்’ என்ற சொல் இன்னும் வேடிக்கையானது. ஜேர்மனில் அதன் இறுதியில் ஒரு ‘ட்’ எழுதினால், பாயைக் காற்றுக்கேற்ப இழுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு. இரண்டு ‘ட்’ எழுதினால், கப்பலின் உள்ளே அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர்.  கவனக்குறைவான ஒருவரின் கையில் “கயிற்றைத் தளர்த்து” என்ற கட்டளை “சுவரைத் தளர்த்து” என்றாகும். சரியான ஆங்கிலச் சொல்லான ‘ஷீட்’டைப் போட்டாலும் தொல்லை தீராது. கடல் தெரியாத ஆங்கில வாசகர் அதைத் துணி என்றே எண்ணுவார்.

ஆங்கிலத்தின் ‘டாக்’ என்ற ஒரு சொல்லுக்கு ஜேர்மனில் நான்கு சொற்கள் உண்டு. படகின் அணியத்தைக் காற்றின் ஊடாக மறுபக்கம் திருப்புவது ‘வெண்ட’. பாயின் முன்புறக் கீழ் மூலை ‘ஹல்ஸ்’, அதாவது கழுத்து. ஒரு திருப்பத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் இடையில் ஓடும் தூரம் ‘ஷ்லாக்’. நான்காவதான ‘பூக்’கில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

படகின் வலப்பக்கம் ஆங்கிலத்தில் ஸ்டார்போர்ட், இடப்பக்கம் போர்ட். ஜேர்மனில் முறையே ஸ்டொயர்போர்ட், பாக்போர்ட். (ஆங்கிலத்தில் இடப்பக்கம் முன்பு ‘லார்போர்ட்’ எனப்பட்டது. ஸ்டார்போர்ட்டுடன் ஒலி குழம்பியதால் 1844 இல் பிரித்தானியக் கடற்படை அதைக் கைவிட்டது.) காற்று வலப்பக்கத்திலிருந்து வீசினால் பாய் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். ஆங்கிலேயர் காற்று வரும் பக்கத்தைப் பார்த்து இந்நிலைக்கு ‘ஸ்டார்போர்ட் டாக்’ என்று பெயரிட்டனர். ஜேர்மானியரோ பாய் நிற்கும் பக்கத்தைப் பார்த்து ‘பாக்போர்ட்பூக்’ என்றனர். ஒரே படகு, ஒரே காற்று, ஆனால் பெயர்கள் எதிரெதிர்!

இரு பாய்மரப் படகுகள் வெவ்வேறு பக்கங்களில் காற்றைப் பெற்று எதிர்ப்பட்டால், இடப்பக்கம் காற்றைப் பெறும் படகு விலகிச் செல்ல வேண்டும் என்பது சர்வதேச விதி. ஜேர்மன் மாணவர்கள் இதை “பாக்போர்ட்பூக்குக்கே முதலிடம்” என்ற பொருளில் மனனம் செய்கிறார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் விலக வேண்டிய படகு நேரே வரும், நேரே செல்ல வேண்டியது விலகும். 1972 ஆம் ஆண்டின் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் 12 ஆவது விதி இந்தப் பெயர்கள் எதையும் தொடாமல், காற்று எந்தப் பக்கம் என்று மட்டுமே சொல்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கும் அதுவே பாதுகாப்பான வழி என்பது என் கருத்து.

இத்தகைய குழப்பங்களுக்காகவே கப்பல் தலைவர் பாஷ் என்பவர் 1885 இல் அன்ட்வேர்ப் நகரில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் ஆகிய மும்மொழிக் கடல் அகராதியை வெளியிட்டார். ‘கீலிலிருந்து ட்ரக் வரை’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். இந்த ட்ரக் லொறி அல்ல. பாய்மர உச்சியில் இருக்கும் சிறு மூடி. ஜேர்மன் பெயரில் அது ‘கொடிக் குமிழ்’. கப்பலின் பகுதிகளைப் படங்களாக வரைந்து காட்டியது அவர் செய்த மிக நல்ல காரியம். படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லையே!

வாழ்த்துகள் வேறு விதம். புறப்படும் படகுக்கு ஜேர்மானியர் “பாய்மரமும் கயிறும் முறியட்டும்” என்று வாழ்த்துவர். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு படும் என்று தயங்கும் நம் உம்மம்மாமாரின் மனநிலைக்கு இது தூரமில்லை. ஆங்கிலத்தில் இதை “நல்ல காற்று வீசட்டும்” என்று மாற்றுவதே பொருத்தம். ஆனால் “படகின் அடியில் எப்போதும் ஒரு கையகலத் தண்ணீர் இருக்கட்டும்” என்ற மற்ற வாழ்த்தை நான் மாற்றவே மாட்டேன்.

சொற்கள் கடல் கடப்பது நமக்கும் புதிதல்ல. சுக்கான் அரபியிலிருந்து வந்தது. நாம் அரபு வகுப்பில் சொல்லும் ‘முஅல்லிம்’தான் ‘மாலுமி’ ஆயிற்று. நம்மிடமிருந்து போனது கட்டுமரம். ஜேர்மனிலும் ஆங்கிலத்திலும் அது ‘கட்டமரான்’ என்று வழங்குவதால் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு அதில் சிரமமில்லை. சிரமம் நமக்குத்தான். நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. அவர்களுடையது இரண்டு உடல்களைக் கொண்ட படகு. ஜேர்மன் நூலில் அச்சொல்லைக் கண்டு, தமிழில் ‘கட்டுமரம்’ என்று திருப்பி எழுதினால் அது தவறான படகாகிவிடும்.