விழா எடுப்பதும் ஊரைக் கேட்பதும்

சென்ற தவணையில் எமது பிராசீன பாடசாலை மாணவர் விவாத அரங்கொன்று நடாத்தினர். உலகப் பெரு விளையாட்டு விழாவை ஒரு நகரம் ஏற்று நடாத்துதல் தகுமா என்பது பொருள். நடுவர் இருக்கை அடியேனுக்கு வாய்த்தது. விளையாட்டுக்கும் எனக்குமுள்ள உறவு, இல்லப் போட்டியிற் கயிறிழுத்தலுக்கு ஊதுகுழல் ஊதிய அளவோடு முடிந்தது. ஆயினும், பொருளைக் கேட்டவுடன் என் நெஞ்சு புகார் நகருக்கு ஓடிற்று.

மணிமேகலை விழாவறை காதையை ஓதியவர் அறிவர். இந்திர விழா இருபத்தெட்டு நாள் நடக்கும் பெருவிழா. அதனை எடுப்பதா என்பதை அரசன் ஒருவனே முடிவு செய்தானல்லன். சமயக் கணக்கர் வந்தனர்; காலங்கணிப்போர் வந்தனர்; ஐம்பெருங் குழுவும் எண்பேராயமும் வந்தன. பல மொழி பேசும் பிறநாட்டு மக்களுங் கூடினர் என்கின்றார் சாத்தனார். எல்லாரும் ஒருங்கிருந்து தேர்ந்த பின்னரே யானைமேல் முரசேறிற்று. முரசறைந்தவன் சொன்ன ஆயத்தங்களோ எளியன: தெருவிற் புதுமணல் இடுதல், வாழையுங் கரும்பும் நடுதல், நிறைகுடம் வைத்தல், பகைவரோடு பூசல் தவிர்தல். விழா முடிந்தால் வாழையை ஆடு மேயும். கரும்பைப் பிள்ளைகள் தின்னும். கடன் என்று ஒன்று மிஞ்சாது.

இக்காலத்து விழாவின் நிலை வேறு. இதனை விளக்க மாணவர் பலவூர்களை எடுத்துக் கூறினர். எனக்கு இரண்டூர்க் கதையே போதுமெனத் தோன்றிற்று.

1970ஆம் ஆண்டு மே மாதம் அம்ஸ்ரடாம் நகரிற் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் குழு, 1976ஆம் ஆண்டின் கோடை விழாவைக் கனடாவின் மொன்றியலுக்கும், பனிக்கால விழாவை அமெரிக்காவின் டென்வருக்கும் அளித்தது. இரு நகரும் ஒரே கூட்டத்திற் பெற்ற பேறு. மொன்றியல் நகர முதல்வர் ஜோன் டிராபோ ஊக்கமும் நாவன்மையும் உடையவர். ஆண்மகன் பிள்ளை பெறுவது எத்துணை அரிதோ, ஒலிம்பிக் விழா நட்டங் காண்பதும் அத்துணை அரிது என்று அவர் கூறினார். 1973இல் அவர் காட்டிய மதிப்பீடு 31 கோடி கனேடிய டொலர். அதன்பின் வேலைநிறுத்தங்கள் வந்தன, விலைகள் ஏறின, பிரெஞ்சுச் சிற்பி ரொஜர் தாயிபேர் வரைந்த அரங்கின் அமைப்போ கட்டுவோரைத் திணறடித்தது. முடிவில் எஞ்சிய கடன் நூறு கோடி டொலருக்கும் மேல். கியூபெக் மாகாணம் புகையிலைக்கு வரி விதித்துக் கட்டிற்று. கட்டித் தீர்ந்தது 2006இல். விழாவன்று பிறந்த குழவி முப்பது வயதுக் குடும்பத்தனாகி, தான் காணாத விழாவுக்காகச் சுருட்டொன்றுக்கு வரி கொடுத்திருக்கின்றான்!

அரங்கின் கதை அதனோடும் முடியவில்லை. அரங்கின்மேற் சாய்ந்து நிற்கும் கோபுரம் விழா நாளிற் குறையாகவே நின்றது, 1987இலேயே நிறைவெய்திற்று. 1991இல் 55 தொன் எடையுள்ள கொங்கிறீற் பாளம் ஒன்று வீழ்ந்தது. கூரை கிழிந்தது, மாற்றினர், அதுவும் 1999இற் பனிச்சுமை தாங்காது கிழிந்தது. 2024இற் புதுக்கூரைக்கென 87 கோடி டொலர் ஒதுக்குவதாக மாகாண அரசு அறிவித்தது. முதன்முதல் முழுவிழாவுக்குமென்று சொன்ன தொகை 31 கோடி என்பதை வாசகர் மறவாதிருக்க. பண மதிப்பு மாறியது உண்மையே. எனினும் கூரை கூரைதானே.

டென்வரில் நிகழ்ந்தது வேறு. செலவு வளருமென்றும், மலையும் காடும் கெடுமென்றும் அவ்வூரார் சிலர் கிளர்ந்தனர். 1972 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. பொதுப்பணத்தை விழாவுக்குச் செலவிடலாகாதென நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது பேர் கூறினர். விழா ஒஸ்திரியாவின் இன்ஸ்புறூக்குக்குச் சென்றது. அந்நகர் 1964இலும் பனிக்கால விழா நடாத்தியது. வேண்டுவன பெரும்பாலும் அங்கேயே இருந்தன. எதிர்ப்பை முன்னின்று நடாத்திய றிச்சாட் லாம் என்பவரை அம்மாநில மக்கள் இரண்டாண்டின் பின் தம் ஆளுநராகத் தெரிந்தெடுத்தனர்.

அப்படியாயின், விழாவே வேண்டாமென்று தீர்ப்பளிக்கலாமே என்று வாசகர் வினவலாம். அங்கேதான் எனக்கு இடர்ப்பாடு. மொன்றியலிற் பதினான்கு வயதுச் சிறுமி நாதியா கொமனேச்சி முழுப் பத்துப் புள்ளி பெற்றாள். பத்தைக் காட்ட வகையற்ற பலகை ஒன்று என்று காட்டி நின்றது. எவரும் எட்டாரென்று எண்ணிப் பலகை செய்தார் போலும். அக்காட்சியை எத்துணை டொலரால் அளப்பது? விழாவே எடாத ஊரும் ஒருவகையில் வறிய ஊரே. இந்திர விழாவை மறந்த புகாரைக் கடல் கொண்டதென அக்காப்பியமே சொல்கின்றதன்றோ?

எனக்கு வழிகாட்டியது 1948இன் இலண்டன். போர் முடிந்து மூன்றாண்டே. உணவுக்குப் பங்கீடு நீங்கவில்லை. இலண்டன் புதிய அரங்கு கட்டவில்லை. 1923இற் கட்டிய வெம்பிளி அரங்கிலே ஓடுபாதை இட்டனர். வீரர்களைப் படை முகாம்களிலும் கல்லூரிகளிலும் தங்குவித்தனர். துவாயைத் தாமே கொண்டு வருமாறு சொல்லிவிட்டனர்! ஐம்பத்தொன்பது நாடுகள் வந்தன. கணக்கு முடிக்கையில் சிறிது மிச்சமும் இருந்தது. அந்தப் பாதையிலேதான் எம் நாட்டு டங்கன் வைற் 400 மீற்றர்த் தடைதாண்டி ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். அரங்கு பழையதென்பதால் வெள்ளியின் ஒளி குன்றவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் நகரும் 1984இல் தன் பழைய அரங்கையே பயன்படுத்தி மிச்சங் கண்டது. நகரப் பணம் செலவாகலாகாதென அவ்வூர் வாக்காளர் 1978இலேயே விதி செய்திருந்தனர்.

ஆகவே, இருப்பதைக் கொண்டு நடாத்துக, ஊரைக் கேட்டு நடாத்துக என்பது என் கருத்து. இரண்டினுள் எது தலையாயது எனின் இரண்டாவதே. கேட்கப்பட்ட ஊர் கடன்பட்டாலும் அது தன் கடன். கேளாது சுமத்திய கடன் தண்டத்துக்கு ஒப்பாகும். இன்று பல நகரங்கள் பின்வாங்குதற்கும் இதுவே காரணம் எனலாம். 2015இல் ஹம்பேர்க் நகர மக்களும், 2018இல் கல்கரி மக்களும் வாக்களித்து ஒலிம்பிக் முயற்சியைக் கைவிடச் செய்தனர். பொதுநலவாய விழாவை ஏற்ற ஒஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் செலவுக்கு அஞ்சி 2023இல் விலகிற்று. கிளாஸ்கோ நகரம் பத்து விளையாட்டுக்களோடு, உள்ள அரங்குகளிலேயே 2026ஆம் ஆண்டு விழாவை நடாத்த ஒப்பிற்று.

எம் நாடும் ஒருமுறை இவ்வாசலைத் தட்டியதுண்டு. 2018ஆம் ஆண்டுப் பொதுநலவாய விழாவை அம்பாந்தோட்டைக்குக் கேட்டோம். 2011 நவம்பர் 11ஆம் நாள் சென் கிற்ஸ் தீவில் வாக்கெடுத்தனர். கோல்ட் கோஸ்ற் நகருக்கு 43, எமக்கு 27. அன்று பலர் வருந்தினர். யானும் வருந்தினேன் என்பதை மறைப்பானேன்? அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவயில் 35,000 பேர் இருக்கத்தக்க கிரிக்கெற் அரங்கொன்று முன்பே எழுந்திருந்தது. அதன் இருக்கைகள் நிறைந்த நாள்கள் சிலவே. 2013இல் மத்தளையில் விமான நிலையம் திறந்தனர். விமானங்கள் போதிய அளவு வரவில்லை. அவற்றோடு நீச்சற் குளமும் ஓட்ட அரங்கும் வீரர் குடியிருப்பும் சேர்ந்திருந்தால் அவ்வூர் உழவனுக்கு என்ன வந்திருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கின்றேன். அவ்வூராரை எவரும் வாக்குக் கேட்டாரில்லை.

விவாத அரங்கில் 'தகும்' என்ற அணிக்கே வெற்றி கூறினேன். அவர்கள் நன்கு பேசினர். பரிசளிப்பு முடிந்ததும் தோற்ற அணித் தலைவி வந்து நின்றாள். "ஐயா, தீர்ப்புச் சொல்ல முன்னம் சபையிலை இருந்தவையைக் கைதூக்கச் சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

அடுத்த தவணை அவ்வாறே செய்வதென ஒப்புக்கொண்டிருக்கின்றேன்.