பழைய கணிப்பொறியைப் பழுது பார்ப்போம்

கணிப்பொறி என்றதும் மடிமேல் வைத்துக்கொள்ளும் மெல்லிய கருவியே இன்று உங்கள் நினைவுக்கு வரும். 1980-ஆம் ஆண்டுகளில் வீட்டுக் கணிப்பொறி என்று ஓர் இனம் இருந்தது. விசைப்பலகையும் உள்ளுறுப்புகளும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கும். திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே போதும். அவ்வினத்துள் பெரும்புகழ் பெற்றது அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டு வெளிவந்த கொமடோர் 64 ஆகும். 595 டாலருக்கு விற்பனைக்கு வந்த இக்கருவி, உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேல் விற்பனையாயிற்று. கொமடோர் நிறுவனம் 1994-ஆம் ஆண்டு நொடித்துப் போயிற்று. எனவே இக்கணிப்பொறிக்கென்றே செய்யப்பட்ட சில்லுகள் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. ஒன்று கருகிப் போனால் மற்றொரு பழைய கணிப்பொறியிலிருந்து பெயர்த்தெடுத்த சில்லையோ, ஆர்வலர்கள் செய்து விற்கும் மாற்றுச் சில்லையோதான் தேடி அலைய வேண்டும்.

ஆகவே, இதைப் பழுது பார்ப்பவர் கெட்டதைச் சரிசெய்வதற்கு முன் நல்லதைக் கெடுக்காதிருக்க வேண்டும். பரணிலிருந்து இறக்கித் தூசியைத் துடைத்தவுடன், "போட்டுத்தான் பார்ப்போமே" என்று விசையைத் தட்டுவோர் பலர். அந்த ஒரு நொடியிலேயே நல்ல நிலையில் இருந்த கணிப்பொறி பாழாகிவிடக்கூடும். ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கொமடோர் 64-க்கு மின்சாரம் ஒரு தனிப் பெட்டியின் வழியாக வருகிறது. செங்கல்லைப் போலக் கனக்கும் அப்பெட்டிக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் 240 வோல்ட்டை அது தாழ்த்துகிறது. பின்னர், சீராக்கி எனும் சிறு உறுப்பு, சில்லுகளுக்கு வேண்டிய 5 வோல்ட் நேர்மின்சாரத்தை ஏற்ற இறக்கமின்றி நிலைநிறுத்துகிறது. இவையன்றி 9 வோல்ட் மாறுமின்சாரமும் அதே பெட்டியிலிருந்து வெளிவரும். பெரும்பாலான பெட்டிகளின் உட்புறம் முழுவதும் பிசினை வார்த்து இறுக வைத்திருப்பார்கள். வெப்பம் வெளியேற வழியில்லை. ஆண்டுக்கணக்காக வெந்து வெந்து சீராக்கி ஒரு நாள் பழுதாகிறது. அணையின் மதகு உடைந்தாற்போல், 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 8 வோல்ட்டுக்கு மேலும் பாயத் தொடங்குகிறது. சில்லுகள் தாங்குமா? அவற்றுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரையே ஏற்புடையது. நினைவகச் சில்லுகளே பெரும்பாலும் முதலில் மடிகின்றன.

இதனால், கணிப்பொறியோடு இணைக்கும் முன்னரே மின்பெட்டியை மட்டும் தனியே சோதித்தல் வேண்டும். இதனைப் பெரியவர் ஒருவரே செய்ய வேண்டும். மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கலாம். பெட்டியைத் திறக்கலாகாது. அதனுள் வருவது ஆளைக் கொல்லும் 240 வோல்ட். அதிலிருந்து வரும் கம்பியின் முனையிலுள்ள ஊசிகளில் மல்டிமீட்டரை வைத்து அளந்தாலே போதும். 5 வோல்ட் சரியாக இருந்தால், ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். சூடேறிய பின்னரே சில பெட்டிகள் தம் குணத்தைக் காட்டும். 5.25-ஐத் தாண்டினால் அப்பெட்டியைக் கணிப்பொறியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. என்னைக் கேட்டால், அளவு சரியாக இருந்தாலுங்கூடப் பழைய பெட்டியை நம்பாமல், விவரமறிந்தோர் செய்த புதிய மின்பெட்டியை வாங்கிவிடுவதே நன்று. அதன் விலை ஒரு சில்லைத் தேடி அலையும் செலவைவிடக் குறைவு.

மின்சாரம் சரி எனில் இனிக் கணிப்பொறியை இயக்கலாம். நலமான கொமடோர் 64 சில நொடிகளில் நீலத் திரையில் வெளிர்நீல எழுத்துகளைக் காட்டும். 38911 பைட்டுகள் வெறுமையாக உள்ளன எனும் அறிவிப்பும் அதில் இருக்கும். இந்த எண் ஒரு நல்ல சான்று. இயங்கத் தொடங்கியதும் கணிப்பொறி தன் நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் ஓர் எண்ணை எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கிறது. எழுதியது திரும்பி வராத முதல் இடத்தில் நின்றுவிடுகிறது. பழுதில்லாத கருவியில் அது 40960-ஆம் இடத்தில் நிற்கும். அங்கே தொடங்குவது, எழுத முடியாத நிலை நினைவகம். நம் நிரல்கள் தொடங்கும் இடம் 2049. கழித்துப் பாருங்கள்: 38911 வரும். 20000-ஆம் இடத்தில் பழுதிருந்தால் திரையில் என்ன எண் தோன்றும்? அதனையும் நீங்களே கழித்துக் கண்டுபிடிக்கலாம்.

சிவப்பு விளக்கு எரிந்தும் திரை இருண்டே இருப்பது மிகுதியாகக் காணப்படும் நோய். உடனே சில்லுகள்மீது பழி போடலாகாது. தொலைக்காட்சியின் அலைவரிசை சரியா, கம்பி சரியா என முதலில் பார்த்தல் வேண்டும். அடுத்து, பலகையிலுள்ள சிறு பியூஸ். 9 வோல்ட் மின்சாரம் அதன் வழியே செல்கிறது. முந்திய மாதிரிகளில் படத்தை உருவாக்கும் சில்லுக்கு வேண்டிய மின்சாரம் அந்த 9 வோல்ட்டிலிருந்தே கிடைப்பதால், சில காசு விலையுள்ள பியூஸ் போனாலும் திரை இருண்டுவிடும். விளக்கோ 5 வோல்ட்டில் எரிவதால் நம்மை ஏமாற்றும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இருள் நீங்கவில்லையா? ஐயத்திற்குரியவை இரண்டு. ஒன்று பி.எல்.ஏ. எனும் சில்லு. எந்த நேரத்தில் எந்தச் சில்லு பேசலாம் என்று கட்டளையிடும் வகுப்புத் தலைவன் போன்றது அது. சூட்டினால் அடிக்கடி பழுதாவது. மற்றொன்று நினைவகம். முந்திய மாதிரிகளில் நினைவகச் சில்லுகள் எட்டு. எட்டு மாணவர்களை வரிசையாக நிறுத்தி, எட்டெழுத்துச் சொற்கள் பலவற்றை நினைவில் வைக்கச் சொல்கிறோம் எனக் கொள்வோம். முதல் மாணவன் எல்லாச் சொற்களின் முதலெழுத்தையும், இரண்டாமவன் இரண்டாம் எழுத்தையும் மட்டும் நினைவில் வைக்கிறான். ஒருவன் மறந்துவிட்டால் கெடுவது ஒரு சொல் அன்று. எல்லாச் சொற்களிலும் ஓரெழுத்து கெடும். எட்டில் ஒரு சில்லு செத்தாலும் கணிப்பொறி முழுவதும் ஊமையாவது இதனாலேயே.

எந்தச் சில்லு என அறிவதற்கு எளிய வழியுண்டு. சற்று நேரம் இயக்கி, மின்சாரத்தை நிறுத்தி, புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தால், மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுடும். அதுவே குற்றவாளியாக இருக்கக்கூடும். ஆனால் எல்லாச் செத்த சில்லும் சுடுவதில்லை. இதற்கென டெட் டெஸ்ட் எனும் சோதனைப் பேழை ஒன்று உண்டு. அதைச் செருகினால், நினைவகம் வேலை செய்யாதபோதும் அது இயங்கி, திரையைப் பளிச்சிடச் செய்யும். எத்தனை முறை பளிச்சிடுகிறது என எண்ணி, இன்ன சில்லு எனத் தெரிந்துகொள்ளலாம். ஐயத்தின்பேரில் எட்டையும் பெயர்த்தெடுப்பாரும் உளர். வேண்டாத வேலை! ஈயப்பற்றை உருக்கும் சூட்டில் பலகையின் மெல்லிய செப்புக் கோடுகள் உரிந்து போகும். ஒரு பழுதைத் தேடப் போய்ப் பத்துப் பழுதுகள் விளையும்.

படம் தெரிகிறது, எழுத்து மட்டும் விழவில்லை என்றால் சி.ஐ.ஏ. எனும் சில்லைப் பார்க்க வேண்டும். (உளவு நிறுவனத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை.) இதில் ஒரு வசதியுண்டு. ஒரே வகைச் சில்லுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று விசைப்பலகையைக் கவனிக்கிறது. மற்றொன்று வட்டு இயக்கி முதலியவற்றைக் கவனிக்கிறது. அவை கழற்றக்கூடிய தாங்கிகளில் இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இடம் மாற்றிப் பொருத்தலாம். இப்போது எழுத்து விழுந்து, வட்டு இயக்கி வேலை செய்யவில்லையாயின் பழுது சில்லோடு சேர்ந்து இடம் மாறியிருக்கிறது. ஐயமின்றி அதுவே காரணம். தொடும் முன், உடலில் தேங்கிய நிலைமின்சாரம் நீங்குமாறு நிலத்தோடு இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டுக்கொள்ள வேண்டும்.

சில விசைகள் மட்டும் மறுத்தால் சில்லைக் குறை கூற வேண்டா. அங்கே நமக்குப் பழக்கமான பொருள் ஒன்று இருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதைப் பால்மரத்தோடு வாழ்ந்தவர் அனைவரும் அறிவர். ஆனால் அதில் கரியைப் போதிய அளவு கலந்தால் கடத்தத் தொடங்கும்! ஒவ்வொரு விசையின் அடியிலும் கரி கலந்த அத்தகைய சிறு துண்டு ஒன்று உண்டு. விசையை அழுத்தும்போது அது கீழேயுள்ள இரு தடங்களை இணைக்கிறது. அழுக்குப் படிந்தால் இணைப்பு ஏற்படாது. விசைப்பலகையின் பின்பக்கத்துத் திருகாணிகளையும், ஷிப்ட் லாக் விசைக்குச் செல்லும் இரு கம்பிகளின் பற்றையும் நீக்கித் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் தடங்களைத் துடைக்க வேண்டும். கரித்துண்டை அழுத்தித் தேய்த்தால் கரியே போய்விடும். மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். நன்கு உலர்ந்த பின் மூடி, விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி, எல்லா எழுத்தும் திரையில் விழுகின்றனவா என்று பார்த்துவிடலாம்.