சுராங்கனிக்கு என்ன வந்தது?

திருவிழா, கல்யாணம் எதுவானாலும் மேடையில் ‘சுராங்கனி’ தொடங்கினால் கூட்டமே சேர்ந்து பாடும். அர்த்தம் கேட்டால்தான் தகராறு! ‘மாலு’ என்பதைப் பெண்ணின் பெயர் என்பார்கள் சிலர். ‘கெனாவா’வை ‘கண்ணா வா’ என்றே பாடுவார்கள் பலர்.

அது சிங்களம். ‘மாலு’ என்றால் மீன். ‘கெனாவா’ என்றால் கொண்டுவந்தாயிற்று. சுராங்கனிக்கு மீன் வந்திருக்கிறது, அவ்வளவுதான்! ஏரியைப் பெயரிலேயே வைத்திருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரியில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

இந்த பைலா பாட்டைத் தமிழகம் முழுக்கப் பரப்பியவர் இலங்கைத் தமிழரான ஏ.ஈ.மனோகரன். 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையிலும் ஒலித்தது. 1983-ல் இலங்கையில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அதற்குப் பிறகும் தமிழர் வீட்டு விசேஷங்களில் சுராங்கனியை யாரும் விலக்கவில்லை. 2018-ல் மனோகரன் மறைந்தார். பாட்டு இன்னும் மேடையேறுகிறது.