கிழங்கை வெட்டி நட்டால் குடுவைச் செடி வருமா? திருவண்ணாமலை மாடியில் எது பிழைக்கும்?

பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியில் இரண்டு வகை பிரபலம். கிழங்கை வெட்டிப் பெருக்குவது வட அமெரிக்காவின் சரசீனியாவை. மண்ணுக்கடியில் படுத்தவாக்கில் ஓடும் தண்டுக்கிழங்கை, ஒவ்வொரு துண்டிலும் முளையும் வேரும் இருக்கும்படி வெட்டி, உரமே கலக்காத பீட் பாசியில் நட வேண்டும். குளிர்கால உறக்கம் முடியும் நேரம்தான் அதற்குச் சரி. சிக்கலே அங்கேதான்: அந்த உறக்கத்துக்கு மூன்று, நான்கு மாதக் குளிர் தேவை. கார்த்திகை தீபத்துக்கு கிரிவலம் போகிறவர்களுக்குத் தெரியும், திருவண்ணாமலைக் குளிர் அதற்குப் பத்தாது.

அடுத்தது நெபந்தஸ். இதில் வெட்டுவது கிழங்கை அல்ல, கொடித்தண்டை. இரண்டு, மூன்று கணு உள்ள துண்டை ஈரப் பாசியில் நட்டு, நிழலில் வைத்தால் வேர் பிடிக்கும். பொறுமை வேணும், மாதக்கணக்காகும். போர் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, உப்பு கொன்றுவிடும். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோதான்.

'அப்போ மேகாலயாவின் நெபந்தஸ் காசியானாவையே வளர்க்கலாமே?' இந்தியாவின் ஒரே நெபந்தஸ் இனம் அது. காட்டிலிருந்து பிடுங்கி விற்றே அருகிப்போனது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் அதைப் பறிப்பது மட்டுமல்ல, வளர்ப்பதும் குற்றம். மாடித் தோட்டத்துக்கு 'வென்ட்ராட்டா' போன்ற கலப்பினம் போதும். மே மாதத்தில் நிழல்வலை கட்டாயம்.