பேசும் உரிமையும் பேசாதிருக்கும் உரிமையும்

1985ஆம் ஆண்டு, ஜூலை மாதம். கேரளத்தில் ஒரு பள்ளி. நாள்தோறும் காலைக் கூட்டத்தில் மாணவர்கள் வரிசையாக நின்று நாட்டுப்பண் பாடுவர். அவர்களுள் உடன்பிறந்தோர் மூவர் இருந்தனர். ஒருவர் பத்தாம் வகுப்பிலும், ஒருவர் ஒன்பதாம் வகுப்பிலும், இளையவர் ஐந்தாம் வகுப்பிலும் பயின்றனர். நாட்டுப்பண் தொடங்கியதும் மூவரும் மற்றவர்களைப் போலவே எழுந்து, நேராகவும் அமைதியாகவும் நிற்பர். ஆனால், வாய் திறந்து பாடமாட்டார்கள்.

அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தம் இறைவனை நோக்கிய வேண்டுதலைத் தவிர வேறெந்தச் சடங்கிலும் கலந்துகொள்ளலாகாது என்பது அப்பிரிவினரின் நம்பிக்கை. ஆகவே, எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அந்நாட்டின் நாட்டுப்பண்ணை அவர்கள் பாடுவதில்லை. பாடும்போது எழுந்து நிற்பதை அவர்கள் மறுப்பதும் இல்லை.

குழந்தைகள் பாடாததைக் கண்ட சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், அது நாட்டுப்பற்றுக்கு மாறானது எனக் கருதிச் சட்டமன்றத்தில் வினா எழுப்பினார். விசாரணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழந்தைகள் சட்டத்தை மதிப்பவர்கள் என்றும், நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்றும் அக்குழு தெரிவித்தது. ஆயினும், கல்வித்துறை அதிகாரி ஒருவரின் அறிவுறுத்தலின்படி ஜூலை 26 அன்று மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர்.

அவர்கள் செய்தது தவறா? பள்ளி செய்தது முறையா? இவ்வினாக்களுக்கு விடை காண, நம் அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டு உரிமைகள்

1950ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்புச் சட்டம், மக்களுக்குச் சில அடிப்படை உரிமைகளை வழங்குகிறது. அவற்றுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை.

முதலாவது, பேச்சுரிமை. பிரிவு 19(1)(அ), குடிமக்கள் அனைவருக்கும் பேசவும் தம் கருத்தை வெளியிடவும் உரிமை அளிக்கிறது. எழுதுதல், அச்சிடுதல், படம் வரைதல், நாடகம் நடித்தல், திரைப்படம் எடுத்தல் ஆகியவையும் இவ்வுரிமையுள் அடங்கும்.

இரண்டாவது, சமய உரிமை. பிரிவு 25, ஒவ்வொருவரும் தம் மனச்சான்றின்படி நடக்கவும், விரும்பிய சமயத்தைப் பின்பற்றவும், பரப்பவும் உரிமை அளிக்கிறது. பேச்சுரிமை குடிமக்களுக்கு உரியது. சமய உரிமையோ இந்நாட்டில் வாழும் எல்லா மனிதருக்கும் உரியது.

நீதிமன்றம் கண்ட விடை

குழந்தைகளின் சார்பில் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. நாட்டுப்பண்ணின் சொற்களில் எவருடைய சமய உணர்வையும் புண்படுத்தக்கூடியது எதுவும் இல்லை என்று கூறி, அந்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம். எம். தத் ஆகியோர் 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பு வழங்கினர்.

உச்ச நீதிமன்றம் வேறொரு வினாவை எழுப்பியது. நாட்டுப்பண்ணில் குறை உண்டா என்பது பொருட்டன்று. அக்குழந்தைகளின் நம்பிக்கை உண்மையானதா என்பதே பொருட்டு. ஒருவரின் நம்பிக்கை பிறருக்கு வியப்பாகவோ பொருத்தமற்றதாகவோ தோன்றலாம். அது நேர்மையாகக் கொள்ளப்பட்டதாயின், சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு.

அடுத்து, குழந்தைகள் சட்டத்தை மீறினார்களா என்று நீதிபதிகள் ஆராய்ந்தனர். நாட்டுப்பண் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதும், பாடுவோர் கூட்டத்தில் குழப்பம் விளைவிப்பதும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். குழந்தைகள் எவரையும் தடுக்கவில்லை; குழப்பமும் விளைவிக்கவில்லை. எல்லோரும் பாடியே ஆக வேண்டும் என்று கூறும் சட்டம் எதுவும் இல்லை. கல்வித்துறை வெளியிட்ட சுற்றறிக்கை சட்டம் ஆகாது. அதனைக் கொண்டு அடிப்படை உரிமையைப் பறிக்க இயலாது.

நாட்டுப்பண்ணை மதித்தல் ஒவ்வொரு குடிமகனின் கடமை எனப் பிரிவு 51அ கூறுகிறது. இதனையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. பாடாவிட்டாலும், எழுந்து அமைதியாக நிற்பதே மதிப்பைக் காட்டும் செயல் எனத் தெளிவுபடுத்தியது. பேசும் உரிமையுள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்பதும் இத்தீர்ப்பால் உறுதியாயிற்று. மூவரையும் மீண்டும் பள்ளியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

உரிமைக்கும் எல்லை உண்டு

அவ்வாறாயின், எதையும் பேசலாமா? சமயத்தின் பெயரால் எதையும் செய்யலாமா? இல்லை. உரிமைகளை வழங்கிய அரசியலமைப்பே அவற்றின் எல்லைகளையும் வரையறுத்துள்ளது.

பிரிவு 19(2) எட்டுக் காரணங்களைக் குறிப்பிடுகிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவையே அவை. இக்காரணங்களுக்காக மட்டுமே பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம். அக்கட்டுப்பாடு சட்டத்தின் வழியாக வர வேண்டும். நியாயமானதாகவும் இருக்க வேண்டும்.

இவற்றுள் சில தொடக்கத்தில் இடம்பெறவில்லை. 1950இல், பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் ஆங்கில வார இதழ் தன் மாகாணத்திற்குள் நுழைவதைச் சென்னை அரசு தடை செய்தது. உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் முதல் திருத்தத்தின் வழியாகப் 'பொது ஒழுங்கு' முதலிய காரணங்களைச் சேர்த்தது. 'நியாயமான' என்னும் சொல்லும் அப்போதே சேர்க்கப்பட்டது. கட்டுப்பாடு நியாயமானதுதானா என்று ஆராயும் பொறுப்பை அச்சொல் நீதிமன்றங்களுக்கு அளித்தது.

சமய உரிமையும் பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கும் பிற அடிப்படை உரிமைகளுக்கும் உட்பட்டதே. பொதுவான இந்து சமயக் கோயில்களை எல்லாச் சாதியினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் இயற்றலாம். தீண்டாமையைச் சமய வழக்கம் எனக் கூறி எவரும் காத்துக்கொள்ள முடியாது.

எல்லை எங்கே தொடங்குகிறது என்பதைச் சென்னையில் எழுந்த ஒரு வழக்கு விளக்குகிறது. குடியிருப்புப் பகுதி ஒன்றில் இருந்த வழிபாட்டு இடத்தில் ஒலிபெருக்கியும் மேள இசையும் முழங்கின. அங்கு வாழ்ந்தோர் நீதிமன்றத்தை நாடினர். வழிபடும் உரிமை உண்டு. ஆனால், ஒலிபெருக்கியால் பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் கூறவில்லை என 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதியோர், நோயாளிகள், குழந்தைகள், படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்கும் அமைதியாக வாழும் உரிமை உண்டு அல்லவா? இவ்விதி எல்லாச் சமயத்தினருக்கும் பொதுவானது. திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் அதே ஆண்டில் வந்தது.

எதிர்ப்புக்கு அஞ்சலாமா?

ஒரு கருத்து பலருக்குச் சினம் ஊட்டலாம். அது மட்டும் தடைக்குக் காரணம் ஆகுமா? இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிய 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்த் திரைப்படத்திற்கு எதிர்ப்பு எழுந்தது. அதன் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. ஆனால், 1989இல் உச்ச நீதிமன்றம் அப்படத்தைத் திரையிட வழிவிட்டது. போராட்டம் நடக்கும், வன்முறை நிகழும் என்ற அச்சுறுத்தலுக்குப் பணிந்து கருத்துரிமையை ஒடுக்கலாகாது. அதைக் காப்பது அரசின் கடமை என்று தீர்ப்புக் கூறியது. வெடிமருந்தில் விழும் தீப்பொறியைப் போல உடனடி ஆபத்தை உண்டாக்கும் பேச்சையே தடுக்கலாம் என்றும் விளக்கியது.

எது அளவுகோல்?

மூன்று குழந்தைகளின் மௌனத்தையும் ஒலிபெருக்கியின் முழக்கத்தையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். மௌனம் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. முழக்கம் பிறருடைய அமைதியைக் குலைத்தது. ஒன்று நமக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு. அதனால் பிறர்க்குத் தீங்கு நேர்கிறது என்பது வேறு. சட்டம் தலையிடுவதற்குத் தீங்கே காரணமாக வேண்டும். வெறுப்பு காரணமாகக் கூடாது.

பெரும்பான்மையோர் கருத்துக்குப் பாதுகாப்பு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சிலர் மட்டும் கொண்டிருக்கும் கருத்துக்கே சட்டத்தின் துணை தேவை. மிகச் சிறிய குழுவினரும் அரசியலமைப்பின் கீழ்த் தமக்குரிய இடத்தைப் பெற இயல்வதே உண்மையான மக்களாட்சிக்கு அடையாளம் என்று அந்த 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பு சுட்டியது.

இது கேரளத்துக் குழந்தைகள் மூவருக்கு மட்டும் உரியதன்று. ஒரு மாநிலத்தில் பெரும்பான்மையராக இருப்போர் வேறொரு மாநிலத்தில் சிறுபான்மையர் ஆவர். தில்லியிலோ மும்பையிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தின் மொழியும் வழிபாடும் விழாவும் அண்டை வீட்டாருக்குப் புதியவையாக இருக்கலாம். அவற்றை மதிக்கும் அண்டை வீட்டாரை அக்குடும்பம் விரும்பும். அதே மதிப்பை, தன் வகுப்பில் வேறுவிதமாக வழிபடும் தோழனுக்கும், கைகூப்பாமல் அமைதியாக நிற்கும் தோழிக்கும் ஒரு மாணவர் அளிக்கும்போது, அரசியலமைப்புச் சட்டம் அவ்வகுப்பறையிலும் உயிர்பெறுகிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. மூன்று குழந்தைகளும் நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்பதற்கு உச்ச நீதிமன்றம் கூறிய காரணங்கள் யாவை?
2. சுற்றறிக்கைக்கும் சட்டத்திற்கும் உள்ள வேறுபாடு இவ்வழக்கில் எவ்வாறு பயன்பட்டது?
3. 'எனக்குப் பிடிக்கவில்லை', 'எனக்குத் தீங்கு நேர்கிறது' – இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் வாழும் பகுதியில் கண்ட ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்குக.