வீட்டை விற்க இது நேரமா? ரயில் செய்திக்கு முன் வீட்டுக் கணக்கைப் பாருங்கள்

ஜொகூர் பாரு – "இப்போது விற்றால் நட்டமா? ரயில் வரும்வரை பொறுத்தால் இன்னும் கூடுமா?" மாசாய், உலு திராம், ஸ்கூடாய், கூலாய் வட்டாரத் தாமான்களில் வீடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

நம்மவர்களுக்கு இது வெறும் லாப நட்டக் கேள்வி அல்ல. தோட்டத்தில் குடியிருந்த வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமானது. வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் தாமான்களாக மாறிய காலத்தில் வெளியே வந்த பெற்றோர், சேமநிதிப் பணத்தையும் நகைகளையும் போட்டு வாங்கிய தெரேஸ் வீடுதான் பல குடும்பங்களுக்கு முதல் சொத்து. சிலருக்கு அதுதான் ஒரே சொத்து. அவசரப்பட்டு விற்றால் மீண்டும் வாடகை வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

இரண்டு ரயில்களின் கதை

கோலாலம்பூர் – சிங்கப்பூர் அதிவேக ரயில் ஒப்பந்தம் 2016 டிசம்பரில் கையெழுத்தானது. சுமார் 350 கிலோமீட்டரை 90 நிமிடத்தில் கடக்கும் திட்டம் அது. ஜொகூரில் மூவார், பத்து பகாட், இஸ்கண்டார் புத்திரி ஆகிய இடங்களில் நிலையங்கள் வருவதாக இருந்தது. 2018இல் அது ஒத்திவைக்கப்பட்டது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியுடன் ஒப்பந்தமே காலாவதியானது. சிங்கப்பூருக்கு மலேசியா 10 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல் இழப்பீடு செலுத்தியது.

புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயிலுக்கான ஒப்பந்தம் 2018 ஜனவரியில் கையெழுத்தானது. 2019இல் அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் 2020 ஜூலையில் மீண்டும் உயிர் பெற்று, 2026 இறுதியை இலக்காகக் கொண்டு வேலைகள் நடந்தன. ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை பயணம் செய்யலாம் என்பது அதன் கணக்கு.

2019இல் இரண்டு திட்டங்களுமே முடங்கித்தான் கிடந்தன. எது எழும், எது விழும் என்று அன்று யாரால் சொல்ல முடிந்தது? அடுத்த ஆண்டே, 2020 மார்ச் 18ஆம் தேதி, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லை மூடப்பட்டது. பாலம் முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1ஆம் தேதி வரை ஆனது. செய்தியை மட்டும் நம்பி விற்கும் தேதியைக் குறிப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

விற்ற பிறகு எங்கே போவது?

விலை ஏறுமா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். உங்கள் வீட்டின் விலை 400,000 வெள்ளி. அதே வட்டாரத்தில் நீங்கள் வாங்க நினைக்கும் பெரிய வீட்டின் விலை 500,000 வெள்ளி. கையிலிருந்து போட வேண்டியது 100,000 வெள்ளி. விலை 10 விழுக்காடு ஏறும்வரை காத்திருந்தால், உங்கள் வீடு 440,000 ஆகும். அந்த வீடும் 550,000 ஆகிவிடும். இப்போது போட வேண்டியது 110,000 வெள்ளி. காத்திருந்ததால் 10,000 வெள்ளி கூடுதல் செலவு. மாறாக, விலை 10 விழுக்காடு இறங்கினால் போட வேண்டியது 90,000 வெள்ளிதான்.

அதாவது, பெரிய வீட்டுக்கு மாறுபவருக்கு விலை இறங்கும் காலம் கெட்ட காலம் அல்ல. சிறிய வீட்டுக்கோ, குளுவாங், சிகாமாட் போன்ற ஊர்களுக்கோ மாறுபவருக்கும், இரண்டாவது வீட்டை விற்பவருக்கும்தான் விலையேற்றம் உண்மையான லாபம். அவர்கள் காத்திருப்பதில் பொருள் உண்டு, காத்திருக்கும் காலத்தில் தவணை கட்டுவது சுமையாக இல்லாவிட்டால்.

வாங்கப் போவது யார்?

"சிங்கப்பூர்க்காரர்கள் வந்து வாங்குவார்கள்" என்ற பேச்சு தாமான்களில் உண்டு. ஆனால் ஜொகூரில் வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கான குறைந்தபட்ச விலை பொதுவாக 10 லட்சம் வெள்ளி. எனவே, 400,000 வெள்ளி தெரேஸ் வீட்டை வாங்கப் போவது மலேசியர்தான். அவர் சிங்கப்பூரில் வேலை செய்பவராக இருக்கலாம். எப்படியும் வங்கிக் கடனில்தான் பெரும்பாலோர் வாங்குவார்கள்.

வங்கி கடன் கொடுப்பது தன் மதிப்பீட்டாளர் சொல்லும் விலைக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர் விளம்பரத்தில் போட்ட விலை கேட்கும் விலை மட்டுமே. அது விற்ற விலை அல்ல. அதே தாமானில் கடைசியாக விற்ற வீடு என்ன விலைக்குப் போனது என்று பதிவு பெற்ற முகவரிடமோ மதிப்பீட்டாளரிடமோ கேளுங்கள். தேசிய சொத்துத் தகவல் மையமான நாப்பிக், சொத்து விற்பனை விவரங்களை வெளியிடுகிறது.

வரி கேட்கும் தேதி

ரயில் தேதியை விட நிச்சயமான தேதி ஒன்று உண்டு. அது நீங்கள் வீடு வாங்கிய தேதி. நிலச் சொத்து ஆதாய வரி, அதாவது ஆர்பிஜிடி, அதிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. மலேசியக் குடிமக்கள் வாங்கிய 3 ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடும், 4ஆம் ஆண்டில் 20 விழுக்காடும், 5ஆம் ஆண்டில் 15 விழுக்காடும் வரி செலுத்த வேண்டும். 2022 முதல், 6ஆம் ஆண்டிலிருந்து விற்பவர்களுக்கு வரி இல்லை.

எடுத்துக்காட்டாக, 350,000 வெள்ளிக்கு வாங்கிய வீட்டை 3 ஆண்டுக்குள் 420,000 வெள்ளிக்கு விற்றால் ஆதாயம் 70,000 வெள்ளி. இதில் 10,000 வெள்ளி அல்லது ஆதாயத்தில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது கழிக்கப்படும். மற்ற செலவுகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மீதி 60,000 வெள்ளிக்கு 18,000 வெள்ளி வரி. குடியிருக்கும் வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்குக் கோரவும் வழி உண்டு. அதை எந்த வீட்டுக்குப் பயன்படுத்துவது என்று வழக்கறிஞரிடம் பேசி முடிவு செய்வது நல்லது. வரி இல்லாவிட்டாலும் 60 நாட்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் கணக்குக் கொடுக்க வேண்டும்.

தவணைதான் பிரச்சினை என்றால்

பேங்க் நெகாரா 2022 மே மாதத்திலிருந்து ஓராண்டில் ஓபிஆர் வட்டி விகிதத்தை 1.75இலிருந்து 3 விழுக்காடாக உயர்த்தியது. 30 ஆண்டுக்கு 300,000 வெள்ளி கடன் வாங்கியவருக்கு மாதத் தவணை ஏறத்தாழ 200 வெள்ளி கூடியது. 2025 ஜூலையில் விகிதம் 2.75ஆகக் குறைந்தபோது கிடைத்த நிம்மதி சுமார் 40 வெள்ளிதான்.

தவணை கட்டத் தடுமாறுபவர்கள் நல்ல விலைக்காகக் காத்திருக்கும் நிலையில் இல்லை. முதலில் வங்கியிடம் பேச வேண்டும். பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. தவணையை மாற்றி அமைக்கவும் உதவுகிறது. அதற்கும் வழியில்லை என்றால், வீடு லேலோங்குக்குப் போகும் முன் நாமே விற்றுவிடுவது மேல். ஏலத்தில் ஆள் வராவிட்டால் அடுத்த முறை அடிவிலையைக் குறைப்பது வழக்கம். கடனுக்குப் போதாத தொகையை வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும்.

பட்டாவில் யார் பெயர்?

நல்ல விலைக்கு ஆள் வந்தும் விற்க முடியாமல் போவது இங்கேதான். அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தால் பிள்ளைகள் விற்க முடியாது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து மொத்தம் 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்து, அதில் நிலமோ வீடோ இருந்தால், சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் மனு செய்யலாம். மாவட்ட நில அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி, இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இல்லை என்றால், அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. எல்லாரும் ஒத்துவர வேண்டும் என்பதால், அம்மா இனி எங்கே இருப்பார் என்பதை விலை பேசும் முன்பே பேசி முடிப்பது நல்லது.

பட்டாவில் 'செக்காத்தான் கெப்பந்திங்கான்' என்ற பகுதியையும் படியுங்கள். குத்தகை நிலத்துக்கும் பல மலிவு விலை வீடுகளுக்கும், மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த அனுமதிக்கு மாதக் கணக்கில் ஆகலாம்.

விற்க நினைப்பவர்கள் முதலில் மூன்று தாள்களைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்: பட்டாவின் நகல், வங்கியிடமிருந்து கடன் பாக்கிக் கடிதம், வீடு வாங்கிய ஒப்பந்தம். விற்கும் விலையிலிருந்து கடன் பாக்கி, அதிகபட்சம் 3 விழுக்காடு முகவர் கட்டணம், வழக்கறிஞர் செலவு, வரி ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சும் தொகையில் அடுத்த வீடு கிடைக்கும் என்றால், ரயில் வந்தாலும் தாமதமானாலும் விற்கலாம். கிடைக்காது என்றால், எவ்வளவு நல்ல விலை சொன்னாலும் அவசரப்பட வேண்டாம்.